கேம்பிரிட்ஜில் நல்ல ரியல் ஏல் பப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கேம்பிரிட்ஜுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தேடிப் போகும் பப், பெனட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஈகிள். டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்துவிட்டதாக பிரான்சிஸ் கிரிக் 1953 பிப்ரவரி 28 அன்று மதிய உணவு வேளையில் அறிவித்த இடம் அது. இரண்டாம் உலகப்போர்க் கால விமானப்படை வீரர்கள் லைட்டராலும் மெழுகுவத்தியாலும் சுட்டு எழுதிய பெயர்கள் அதன் ஓர் அறையின் கூரையில் இன்னும் இருக்கின்றன. கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஒரு பப்பின் வரலாறு வேறு, அன்றைக்கு அங்கே கிளாஸில் விழும் பீரின் தரம் வேறு. பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பாரம்பரிய பீரான ரியல் ஏல் குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திறந்த பீப்பாய் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது? பப் எவ்வளவு பழையது, எத்தனை பம்ப் வரிசையாக நிற்கிறது, சுவரில் என்ன சான்றிதழ் தொங்குகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல்கலைக்கழக நகரத்தில் இந்தக் கேள்விக்கான விடை ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. பாடப் பருவம் நடக்கும்போது நிரம்பி வழியும் பப் விடுமுறையில் காற்று வாங்கும். அதனால்தான் "கேம்பிரிட்ஜில் சிறந்த 10 பப்கள்" மாதிரியான பட்டியல்கள் அரைகுறையாகவே உதவுகின்றன. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பகுதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நல்ல பைன்ட், அதாவது நல்ல ஒரு கிளாஸ் பீர், கிடைக்கும்.

ரியல் ஏல் ஏன் சீக்கிரம் கெடுகிறது

நம்மில் பலருக்குப் பழக்கமான பீர், கெக் என்ற உலோகப் பீப்பாயில் அல்லது பாட்டிலில் வரும் லாகர். அது பெரும்பாலும் வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட்டை நீக்கிவிட்டு, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் அடைக்கப்படுவது. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ரியல் ஏல் அப்படியல்ல. பீப்பாய்க்குள் போகும்போதே உயிருள்ள ஈஸ்ட்டும் கூடவே போகிறது. பப்பின் நிலவறையில் அது இரண்டாவது முறை நொதித்து, தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றாமல், கைப்பிடி பம்பை இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள். 1971இல் தொடங்கிய காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் காக்கப் போராடியது இந்த முறையைத்தான். "ரியல் ஏல்" என்ற பெயரைப் பரப்பியதும் அவர்களே.

பம்பை இழுக்க இழுக்க பீர் வெளியேறும். வெளியேறிய இடத்தைக் காற்று நிரப்பும். அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் ஏன் முகம் மாறுகிறது என்று தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு: திறந்த பீப்பாயை மூன்று நாளைக்குள் விற்று முடிப்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. நான்காம் நாள் மணம் மங்கும், நுரை தளரும். அதற்கும் பிறகு காடி வாடை எட்டிப்பார்க்கும்.

இனி கணக்கைப் பாருங்கள். பப்களில் அதிகம் புழங்கும் பீப்பாய் ஃபிர்கின். 9 கேலன், அதாவது 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். அடிமண்டியோடு கழிவது போக ஏறத்தாழ 70 பைன்ட் விற்கலாம். மூன்று நாளில் முடிய வேண்டும் என்றால் ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு 23 பைன்ட் போக வேண்டும். இரண்டு பம்ப் உள்ள சின்ன பப்புக்கு 46 பைன்ட் போதும். எட்டு பம்ப் வைத்திருக்கும் பப்புக்கு 180க்கு மேல் வேண்டும், அதுவும் ஏல் மட்டும். லாகர், சைடர், ஒயின் எல்லாம் இதில் சேராது. செவ்வாய்க்கிழமை மதியம் எட்டு பம்ப், ஐந்து வாடிக்கையாளர், அதில் மூவர் கையில் லாகர் என்றால் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பொறுப்பான பப்காரர் மந்தமான நாட்களில் பம்புகளைக் குறைத்துவிடுவார். அல்லது 36 பைன்ட் மட்டுமே கொள்ளும் பின் என்ற குட்டிப் பீப்பாயை வாங்குவார். எட்டில் மூன்று மட்டும் ஓடுகிற பப்பைப் பார்த்து ஏமாற்றம் அடைய வேண்டாம். அது நல்ல அடையாளம்.

படி 1: வீட்டிலிருந்தே பட்டியல் போடுங்கள்

மூன்று கருவிகள் போதும்.

முதலாவது, காம்ராவின் இணையதளத்தில் உள்ள பப் தேடல். ஒவ்வொரு பப்புக்கும் எப்போதும் கிடைக்கும் ஏல்கள் எவை, அவ்வப்போது மாறும் ஏல்கள் உண்டா, திறந்திருக்கும் நேரம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். உள்ளூர் உறுப்பினர்களே திருத்திக்கொண்டிருப்பதால் பொதுவான பயணத் தளங்களைவிட நம்பலாம். பயணத் தளங்களில் ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தோட்டத்துக்கும் விழுவது, பீருக்கு அல்ல.

இரண்டாவது, ஆண்டுதோறும் காம்ரா வெளியிடும் குட் பீர் கைடு. உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் பப்களில் குடித்த பீருக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 0 என்றால் ரியல் ஏல் கிடைக்கவில்லை, 3 நன்று, 4 மிக நன்று, 5 அப்பழுக்கில்லாதது. அந்த மதிப்பெண்களை வைத்து உள்ளூர்க் கிளைகள் தேர்ந்தெடுத்தவைதான் நூலில் இடம்பெறுகின்றன. தொடர்ந்து சில ஆண்டுகள் இடம்பெற்ற பப் என்றால் நிலவறை நல்ல கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பப் கைமாறினால் எல்லாம் மாறும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது, காஸ்க் மார்க். இது பப் வாசலில் பதித்திருக்கும் வட்டப் பலகை. சொல்லாமல் வந்து ஆய்வு செய்பவர் பீரின் வெப்பநிலை, தெளிவு, மணம், சுவை ஆகியவற்றைச் சோதித்துத் தரும் அங்கீகாரம். இந்தப் பப்களைக் காட்டும் செயலியும் உண்டு. இதை ஒரு குறைந்தபட்சத் தகுதியாக மட்டும் கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்த நாளின் பீப்பாய் நன்றாக இருந்தது என்றுதான் அந்தப் பலகை சொல்கிறது. இன்றைய பீப்பாயைப் பற்றி அதற்குத் தெரியாது.

பட்டியல் போடும்போது இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பப் யாருடையது? இங்கிலாந்தில் பல பப்கள் ஏதேனும் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தோடு அல்லது பப் நிறுவனத்தோடு கட்டப்பட்டவை. அவர்கள் தரும் பீரைத்தான் பெரும்பாலும் விற்க முடியும். எந்தக் கட்டுமில்லாத பப்புக்கு ஃப்ரீ ஹவுஸ் என்று பெயர். கேம்பிரிட்ஜில் கிரீன் கிங் பப்களை அடிக்கடி பார்ப்பீர்கள். 1799இல் பக்கத்து ஊரான பரி செயின்ட் எட்மண்ட்ஸில் தொடங்கிய நிறுவனம் அது. கட்டப்பட்ட பப் என்றால் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றே பீர், ஆனால் மூன்றும் வேகமாக ஓடுகின்றன என்றால், பத்து பம்ப் வைத்துத் தூசி தட்டுகிற ஃப்ரீ ஹவுஸைவிட அங்கே நல்ல பைன்ட் கிடைக்கும். ஃப்ரீ ஹவுஸின் பலன், வெவ்வேறு சிறு மதுவடிப்பகங்களின் பீர் கிடைப்பது. தெரிவு வேண்டுமா, உறுதி வேண்டுமா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

படி 2: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

கேம்பிரிட்ஜின் பாடப் பருவங்கள் மூன்று, ஒவ்வொன்றும் எட்டு வாரம். மைக்கல்மஸ் அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. லென்ட் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. ஈஸ்டர் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. மே வீக் என்ற கொண்டாட்டம் வருவது ஜூனில். தேர்வு முடிந்த அந்த நாட்களில் ஊரின் மையத்திலும் ஆற்றங்கரையிலும் உள்ள பப்களில் உட்கார இடமிருக்காது, ஆனால் பீப்பாய்கள் பறக்கும்.

மாணவர்களை நம்பியிருக்கும் பப்கள் விடுமுறை வாரங்களில் மந்தமாகும். கோடையில் மையப் பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் ஓரளவு நிரப்புவார்கள், ஆனால் அவர்களில் பலர் லாகரோ காபியோதான் கேட்பார்கள். குடியிருப்புத் தெருக்களில் உள்ள பப்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைவு. வேலை முடிந்து வரும் அக்கம்பக்கத்தார் ஆண்டு முழுவதும் இருக்கிறார்களே. டிசம்பர் நடுவிலோ, ஆகஸ்டிலோ, ஏப்ரல் தொடக்கத்திலோ போகிறீர்கள் என்றால் மையத்தை விட்டு வெளியே நடங்கள்.

ஜனவரியில் மட்டும் எல்லா இடமும் மந்தம். புத்தாண்டுக்குப் பின் ஒரு மாதம் குடிக்காமல் இருப்பவர்கள் அங்கே பலர். அந்த மாதம் பம்ப் குறைந்த பப்தான் பாதுகாப்பான தேர்வு.

வாரத்தில் வியாழன் மாலை முதல் ஞாயிறு மதியம் வரை நல்ல நேரம். திங்களும் செவ்வாயும் கவனம் தேவை. வார இறுதியில் திறந்த பீப்பாயின் கடைசி மிச்சம் அப்போதுதான் கிளாஸுக்கு வரும். ஒரு நாளுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. முந்தைய இரவு பம்ப் நின்ற பிறகு, நிலவறையிலிருந்து மேலே வரும் குழாயில் ஒரு பைன்ட்டுக்கு மேல்கூட பீர் தங்கிவிடும். இரவெல்லாம் அறை வெப்பத்தில் கிடந்த அந்தப் பீர் தட்டையாக, வெதுவெதுப்பாக இருக்கும். நல்ல பப்பில் கதவைத் திறக்கும் முன்பே அதை இழுத்துக் கொட்டிவிடுவார்கள். எல்லாரும் செய்வதில்லை. திறந்தவுடன் நுழையும் முதல் ஆளாக இருந்தால், ஏற்கெனவே யார் கையிலாவது இருக்கும் ஏலையே கேளுங்கள்.

படி 3: உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் பாருங்கள்

பப்பில் யாரும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பது வழக்கமில்லை. நீங்கள்தான் பாருக்குப் போய்க் கேட்டு, பணம் கொடுத்து, கிளாஸை எடுத்து வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை:

மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது? பழுப்பு, செம்பு, பொன்னிற ஏல்கள் கண்ணில் பட்டால் நல்லது. எல்லா மேசையிலும் வெளிர் மஞ்சள் லாகர்தான் என்றால் யோசியுங்கள்.

பம்பின் முன்னால் பீரின் பெயர் எழுதிய அட்டை இருக்கும். அது திரும்பியிருந்தால் பீர் தீர்ந்துவிட்டது, அல்லது அடுத்த பீப்பாய் இன்னும் தெளியவில்லை என்று பொருள். ஒன்றிரண்டு அட்டைகள் திரும்பியிருப்பது உண்மையில் நம்பிக்கை தரும் காட்சி: பீப்பாய்கள் முடிகின்றன, தெளியாததை அவசரப்பட்டு விற்கவில்லை. புதிதாக வந்த பீப்பாயைத் தாங்கியில் படுக்கவைத்து, மேல்துளையில் மென்மையான மர ஆப்பைச் செருகி வாயுவை வெளியேற்றி, பிறகு கெட்டியான ஆப்பால் அடைத்து, அடிமண்டி இறங்கும்வரை விட வேண்டும். ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும் வேலை இது. இதற்குப் பொறுமை இல்லாதவர் ஏல் விற்கக் கூடாது.

பம்பை இழுப்பதைக் கவனியுங்கள். நிதானமாக, முழு வீச்சில் இரண்டு மூன்று இழுப்பில் கிளாஸ் நிரம்ப வேண்டும். குட்டிக் குட்டியாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தும் நுரையாகவே வந்தால் பீப்பாய் தீரப்போகிறது, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அந்தப் பைன்ட் உங்களுக்கு வேண்டாம்.

கிளாஸ் குளுமையாக இருக்க வேண்டும், ஆனால் பனி பூக்கக் கூடாது. நிலவறையின் சரியான வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஐஸ் மாதிரி பீர் குடித்துப் பழகியவருக்கு முதல் வாய் "சூடாக இருக்கிறதே" என்று தோன்றும். அது குறையல்ல, 4 டிகிரிக்கு இறக்கினால் மால்ட் என்ற முளைவிட்ட தானியத்தின் மணமும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களின் மணமும் உறைந்துபோகும். உண்மையிலேயே வெதுவெதுப்பாக, 16, 17 டிகிரியில் வந்தால் அது குறைதான்.

படி 4: கேட்டு, ருசித்து, சின்ன அளவில் தொடங்குங்கள்

பாரில் இருப்பவரிடம் "எது நல்ல பீர்?" என்று கேட்டால் "எல்லாமே நல்லதுதான்" என்ற பதில் வரும். அதற்குப் பதிலாக "வாட்ஸ் செல்லிங் வெல் டுடே?" என்று கேளுங்கள். எது வேகமாக ஓடுகிறது என்பதுதானே நமக்கு வேண்டியது. "எந்தப் பீப்பாயை இன்று திறந்தீர்கள்?" என்று கேட்டாலும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கறையுள்ள பப்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். முகம் மலர்ந்து விவரம் சொல்வார். பதில் தெரியாமல் விழிப்பதும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

ருசி பார்க்க ஒரு வாய் கேட்கலாம். இலவசமாகவே சிறு கிளாஸில் தருவார்கள். ஒன்றிரண்டு கேட்பது நாகரிகம். கூட்டம் நெரியும் வெள்ளிக்கிழமை இரவில் ஐந்து வகையை வரிசையாக ருசித்துக்கொண்டு நிற்பது பின்னால் நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். பல வகை பார்க்க ஆசை என்றால் மூன்றில் ஒரு பங்கு அல்லது அரைப் பைன்ட் அளவில் வாங்குங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி. 4 சதவீத பீர் ஒரு பைன்ட்டில் ஏறத்தாழ 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்). இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டல் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஐந்து பப்பில் ஐந்து பைன்ட் குடித்தால் ஒரே மாலையில் 11.5 யூனிட் ஆகிவிடும், கடைசி இரண்டு பப்பின் பீரைப் பற்றி உங்கள் நாக்கு சொல்லும் தீர்ப்பும் செல்லாது. ஐந்து அரைப் பைன்ட் என்றால் நாக்கும் பிழைக்கும், மறுநாள் காலையும் பிழைக்கும்.

வரிசை முக்கியம். வெளிர் நிற, சதவீதம் குறைந்த பிட்டரில் தொடங்கி, சற்றே வலுவான பெஸ்ட் பிட்டர், பிறகு கருநிறமான ஸ்டவுட் அல்லது போர்ட்டர் என்று போங்கள். ஹாப்ஸ் தூக்கலான பொன்னிற ஏலை முதலில் குடித்துவிட்டால் அதற்குப் பின் வரும் மைல்ட் என்ற கசப்புக் குறைந்த ஏல் தண்ணீராகத் தோன்றும். இந்தக் கிழக்குப் பகுதியின் பழைய பாணி பிட்டர், பழுப்பு நிறமும் பிஸ்கட் போன்ற மால்ட் சுவையும் கடைசியில் உலர்ந்த கசப்பும் கொண்டது. சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்ட் ஊரின் ஆட்னம்ஸ் தயாரிக்கும் பிட்டர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே நிறுவனத்தின் பிராட்சைட் 4.7 சதவீதம், அடர்ந்த செம்பழுப்பு, உலர் பழச் சுவை. குளிர்கால மாலைக்கு ஏற்றது.

முதல் வாய்க்கு முன் முகர்ந்து பாருங்கள். குறைகளை மூக்குதான் முதலில் பிடிக்கும்:

காடி அல்லது புளித்த ஆப்பிள் வாடை என்றால் பீப்பாய் அதிக நாள் திறந்திருக்கிறது. காற்று புகுந்து கெட்டுவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் ஆக்சிஜன் தாக்கிப் பழசானது. பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் போல வழவழப்பான இனிப்பு என்றால் டையசிட்டைல் என்ற பொருள்; ஈஸ்ட் தன் வேலையை முடிக்காமல் விட்டிருக்கிறது, அல்லது குழாய் சுத்தமில்லை. மருத்துவமனைக் கிருமிநாசினி வாடை என்றால் வேண்டாத நுண்ணுயிர் புகுந்திருக்கலாம், அல்லது கழுவிய ரசாயனம் தங்கியிருக்கலாம். லேசான கந்தக வாடை மட்டும் எப்போதும் குறையல்ல: பர்ட்டன் ஊரின் பாணியில் வரும் பேல் ஏல்களில் முதல் நிமிடம் அது வருவது இயல்பு, நிமிடத்தில் மறைந்துவிடும்.

கலங்கல் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. கலங்கியும் புளித்தும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கலங்கி, ஆனால் மணமும் சுவையும் சுத்தமாக இருந்தால், அது வேண்டுமென்றே தெளியவிடாத பீராக இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். இது சைவ உணவுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியும்கூட. ஏலைத் தெளியவைக்கப் பரவலாகப் பயன்படும் ஐசிங்கிளாஸ், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும் என்றாலும் பீரில் மீன் பொருள் சேர்ந்தது சேர்ந்ததுதான். "இஸ் திஸ் அன்ஃபைன்ட்?" (தெளியவைக்காததா?) என்றோ "இஸ் இட் வீகன்?" என்றோ கேட்டால் போதும். பல மதுவடிப்பகங்கள் பம்ப் அட்டையிலேயே குறிப்பிடுகின்றன.

குடிக்கக் குடிக்க, கிளாஸின் உட்பக்கம் நுரை வளையம் வளையமாக ஒட்டி நிற்க வேண்டும். சுத்தமான கிளாஸுக்கும் உயிருள்ள பீருக்கும் அது சாட்சி. நுரை உடனே செத்து, பக்கவாட்டில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது. பீரைக் குறை சொல்லும் முன் வேறு கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

கெட்டதைத் திருப்பிக் கொடுப்பது

நம்மவர்கள் தயங்கும் இடம் இது. தயங்க வேண்டியதில்லை. ரியல் ஏலைப் பொறுத்தவரை திருப்பிக் கொடுப்பது பப்பின் நடைமுறைகளில் ஒன்று. இரண்டு மூன்று வாய்க்குள் போய்விடுங்கள். முக்கால்வாசி குடித்துவிட்டு முறையிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, "ஐ திங்க் திஸ் ஒன்ஸ் காட் எ பிட் டயர்ட், குட் யூ ஹாவ் எ டேஸ்ட்?" என்று கேளுங்கள். நல்ல பப்காரர் முகர்ந்து பார்த்து, வேறு பீர் தந்து, அந்தப் பம்பின் அட்டையை அங்கேயே திருப்பிவிடுவார். அப்படிச் செய்த பப்பைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். எல்லாப் பப்பிலும் என்றாவது ஒரு பீப்பாய் கெடத்தான் செய்யும். "ஏல் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பும் இடத்துக்கு மறுபடி போக வேண்டாம்.

சுவை பிடிக்கவில்லை என்பது வேறு. கசப்பு அதிகம் என்று நல்ல பிட்டரைத் திருப்ப முடியாது. அதற்குத்தான் முன்கூட்டியே ஒரு வாய் ருசி.

நுரை மிகுந்து அளவு குறைந்தால் "குட் யூ டாப் திஸ் அப், ப்ளீஸ்?" என்றால் நிரப்பித் தருவார்கள்.

கேம்பிரிட்ஜை எப்படிப் பிரித்து நடப்பது

மூன்று தனி மாலைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கால் வலி மட்டுமே மிஞ்சும். கிளம்பும் முன் திறப்பு நேரத்தைச் சரிபாருங்கள். குடியிருப்புத் தெரு பப்கள் வார நாட்களில் மாலை நான்கு ஐந்துக்குத்தான் திறப்பது வழக்கம்.

முதல் மாலை, மில் ரோடு பக்கம். ஏல் விரும்பிகளுக்கு ஊரிலேயே வளமான பகுதி இதுதான் என்பது எங்கள் திடமான கருத்து. ரயில் நிலையத்திலிருந்து டெவன்ஷயர் ரோடு வழியாக மில் ரோட்டை நோக்கி நடந்தால் டெவன்ஷயர் ஆர்ம்ஸ். அங்கிருந்து சில நிமிடத்தில் கிங்ஸ்டன் ஸ்ட்ரீட்டில் நீல வண்ண முகப்போடு கிங்ஸ்டன் ஆர்ம்ஸ். அடுத்து க்விடர் ஸ்ட்ரீட்டில் கேம்பிரிட்ஜ் புளூ: வெளியிலிருந்து பார்த்தால் வரிசை வீடுகளில் ஒன்று போலிருக்கும், பின்னால் பெரிய தோட்டம், பாரில் நீண்ட பம்ப் வரிசை. இவ்வளவு பம்ப் வைத்தும் தாக்குப்பிடிப்பது அக்கம்பக்கத்துக் கூட்டமும், ஏலுக்காகவே ஊர் முழுவதிலிருந்தும் வருபவர்களும் இருப்பதால். மேலே சொன்ன கணக்கை நேரில் சோதிக்க ஏற்ற இடம். பல்கலைக்கழக விடுமுறையானாலும் இந்தத் தெருக்கள் ஓய்வதில்லை.

இரண்டாம் மாலை, பார்க்கர்ஸ் பீஸ் மைதானத்தைத் தாண்டி கிங் ஸ்ட்ரீட் வரை. ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்டில் எல்ம் ட்ரீ, அதற்குச் சற்று தூரத்தில் பிராஸ்பெக்ட் ரோவில் ஃப்ரீ பிரஸ். பின்னது கிரீன் கிங் பப். சின்ன அறைகள், அதற்குள்ளே நாலு பேர் நெருக்கி உட்காரும் இன்னும் சின்ன அறை. பேசிக்கொண்டு குடிக்க இதைவிட இதமான இடம் நகரில் அபூர்வம். பிறகு கிங் ஸ்ட்ரீட்டில் சாம்பியன் ஆஃப் த தேம்ஸ்: மரப்பலகை வேய்ந்த இரண்டு அறைகள், கண்ணாடிச் சன்னலில் படகோட்டி உருவம். அதே தெருவின் கோடியில் செயின்ட் ராடிகண்ட், நகரின் மிகச் சிறிய பப் என்று பெயர் பெற்றது. பம்ப் குறைவு, கூட்டம் நிறைவு என்ற சூத்திரம் இந்தத் தெருவில் நன்றாகப் பொருந்தும்.

மூன்றாம் மாலை ஆற்றுப் பக்கம். போர்ச்சுகல் பிளேஸில் மேபோல். மையத்துக்கு இவ்வளவு அருகில் இத்தனை வகை ஏல் கிடைப்பது இங்கேதான், மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் கலந்து வருவார்கள். பாலத்தைத் தாண்டினால் மாட்லின் ஸ்ட்ரீட்டில் பிக்கரல், மேட்டில் ஏறினால் காஸில் ஸ்ட்ரீட்டில் காஸில் இன். ஆற்றின் அதே கரையில் சற்றுத் தொலைவில் செஸ்டர்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஹேமேக்கர்ஸ். நடக்கத் தெம்பில்லையென்றால் பேருந்தில் போகலாம்.

கல்லூரிகளுக்குள் இருக்கும் பார்கள் பொதுவாக உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டுமே.

இளமையாகத் தெரிபவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். சட்டப்படி வயது 18. ஆனால் 25க்குக் கீழ் தோன்றும் எவரிடமும் கேட்பது வழக்கம். அங்கே படிக்க வந்த மாணவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது பாஸ் (PASS) என்ற திட்டத்தின் முத்திரை கொண்ட வயதுச் சான்று அட்டை ஏற்கப்படும். பல்கலைக்கழக அட்டையை ஏற்காத இடங்கள் உண்டு. சைக்கிளில் போகிறவர்களும் கவனிக்க: போதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம்.

குறிப்பேடும் திருவிழாவும்

ஒரு பப்பை ஒரே பைன்ட்டில் எடைபோடாதீர்கள். பப் பெயர், நாள், நேரம், பீர், காம்ராவின் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டம் எவ்வளவு என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். மதிப்பெண் பீரின் நிலைக்கு மட்டும். அந்த வகை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதற்கு அல்ல. பருவ நாளில் ஒரு முறை, விடுமுறையில் ஒரு முறை, மந்தமான செவ்வாயில் ஒரு முறை என்று மூன்று முறை 3க்குக் கீழே போகாத பப் கிடைத்தால் அதை விடாதீர்கள். காம்ரா உறுப்பினராக இருந்தால் அந்த மதிப்பெண்களை அவர்கள் இணையதளத்திலேயே பதியலாம். அடுத்த கைடில் யார் இடம்பெறுவார் என்பதில் உங்கள் குரலும் சேரும்.

மே மாதம் ஊரில் இருந்தால் ஜீசஸ் கிரீன் புல்வெளியில் நடக்கும் கேம்பிரிட்ஜ் பீர் ஃபெஸ்டிவலைத் தவறவிடாதீர்கள். 1974இல் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் தொடங்கிய விழா இது. பெரிய கூடாரத்துக்குள் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும், பல பீர்கள் பம்ப் இல்லாமல் நேரே குழாயிலிருந்து கிளாஸுக்கு வரும். உள்ளே போனதும் விழாவின் கிளாஸுக்கு முன்பணம் கட்டி, அதிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவாக வாங்கிக் குடியுங்கள். முதல் இரண்டு நாள் மதிய வேளையில் போனால் வகைகள் முழுதாக இருக்கும், வரிசையும் குட்டை. கடைசி நாள் போனால் பெயர்பெற்ற பீர்கள் தீர்ந்திருக்கும். சுற்றுவட்டாரத்துச் சிறு மதுவடிப்பகங்களின் பீரை அங்கே ஒரே கூரையின் கீழ் ருசித்து, பிடித்த பெயர்களைக் குறித்துக்கொண்டால், அதற்குப் பிறகு எந்தப் பப்பில் நுழைந்தாலும் பம்ப் அட்டையைப் பார்த்ததும் எதைக் கேட்பது என்று தெரியும்.